குட்டையில் மீன் வளரும், குஞ்சு பொரிக்குமா?

(பண்ணைக்குட்டை விவசாயிகள் கூட்டத்தில் மீன்வளத் துறை அலுவலர் ஒருவர் பேசியதிலிருந்து)

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். "சார், ரெண்டு வருஷமா கட்லாவைப் பிடிக்காம வச்சிருக்கேன். வயித்துல சினையும் இருக்கு. ஆனா ஒரு குஞ்சைக்கூடக் காணோமே?" என்று கேட்டார்.

இங்கே பல பேருக்கும் இதே எண்ணம்தான். ஒரு தடவை விட்டால் போதும், தானா பெருகும் என்று நினைக்கிறோம். பெருகாதுங்க. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புது வெள்ளம் பாயும்போதுதான் முட்டையிடும். தேங்கிய குட்டையில் சினை பிடிக்கும். ஆனால் முட்டை வெளியே வராது. கடைசியில் மீனின் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும்.

முன்பெல்லாம் குஞ்சுகளை ஆற்றில்தான் சேகரித்தார்கள். வேண்டாத மீன்களின் குஞ்சும் அதில் கலந்து வரும். 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலில், டாக்டர் ஹிராலால் சவுத்ரியும் அவருடன் பணிசெய்தவர்களும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்றைக்கும் குஞ்சு பொரிப்பகங்களில் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள்.

"அப்போ ஜிலேபி மீனை விடலாமே?" என்பீர்கள். அது குட்டையிலேயே முட்டையிட்டு, வாய்க்குள் வைத்துக் காக்கும். சில மாதத்தில் அந்தக் குஞ்சும் தாயாகிவிடும். போடுகிற தீவனத்துக்கு ஆயிரம் வாய் வந்துவிட்டால், எந்த மீனும் விலைபோகிற அளவுக்கு வளராது.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். வளர்ந்த மீனைப் பிடித்து விற்றுவிடுங்கள். குட்டையை வற்றவைத்துக் காயப்போடுங்கள். விரால், கெளுத்தி, ஜிலேபி எதுவும் மிஞ்சக் கூடாது. பிறகு தண்ணீர் நிரப்பி, விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கி விடுங்கள். சதுர மீட்டருக்கு ஒன்று போதும். 10 சென்ட் குட்டை என்றால் சுமார் 400 குஞ்சு: மேல்மட்டத்தில் மேயும் கட்லா 160, நடுமட்டத்துக்கு ரோகு 120, அடிமட்டத்துக்கு மிர்கால் 120.

குஞ்சு வந்த பையை உடனே அவிழ்த்துக் கொட்டாதீர்கள். கால் மணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தானாக நீந்திப் போகும்படி விடுங்கள். காலை அல்லது மாலை நேரம் நல்லது.

குஞ்சு வாங்கும் முன், உங்கள் மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசு மீன் பண்ணையில் என்ன குஞ்சு இருப்பு, என்ன விலை, இப்போது என்ன மானியம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன்: "ஐயா, காத்திருந்தது போதும். வலையை எடுங்க."