இரட்டைக்குழலின் விலா எலும்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு இன்ஜினியர் மேடை ஏறினால், 1895-இல் பென்னி குவிக் முடித்துக் கொடுத்த முல்லைப் பெரியாறு அணையைத்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். அதைப் பேச நம்ம சிவில் நண்பர்கள் இருக்காங்க. நான் மெக்கானிக்கல். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பீரோவுக்குள் தூங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி, அதிலும் இரண்டு குழலுக்கு நடுவே ஓடும் பட்டையைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். அதன் பெயர் 'ரிப்'. விலா எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போடி, கம்பம், மேகமலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த சில குடும்பங்களில் தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி இன்றும் உண்டு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டைக் கதை முடிந்தது. லைசென்ஸும் துப்பாக்கியும் மட்டும் மிச்சம். பெரியவர் காலமானதும் பேரன் கைக்கு வருகிறது. அவனுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில், விலா எதற்கு? வலது குழல் வெடித்தால் துப்பாக்கி சற்று வலப்பக்கம் உதைக்கும். இடது வெடித்தால் இடப்பக்கம். அதைச் சரிக்கட்ட, இரண்டு குழல்களையும் முன்பக்கம் லேசாக நெருங்கும்படி வைத்து, சுமார் 40 கஜத்தில் இரண்டின் சில்லும் ஒரே இடத்தில் விழும்படி அமைப்பார்கள். அந்த நுட்பமான கோணத்தைப் பிடித்து வைத்திருப்பது மேலும் கீழும் பற்றவைத்த விலாக்கள்தான். அழகுக்கு வைத்த பட்டை என்று நினைக்காதீங்க!

மேல் விலாவில் பல வகை உண்டு. குழிந்த விலா எடை குறைவு. ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கிகளில் அதிகம் காண்பது இதுதான். தட்டை விலாவில் கண் கூசாமல் இருக்க, அரம் போட்டது போல் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். லண்டன் ராபர்ட் சர்ச்சில் 1920-களில் 25 அங்குலக் குழலுக்கு ஒரு விலா செய்தார். ஒடுக்கமாக, உயரமாக, முனை நோக்கிச் சரிந்து வரும். குட்டைக் குழலும் கண்ணுக்கு நீளமாகத் தெரியும். இடையிடையே திறந்த காற்றோட்ட விலாவும் உண்டு. தொடர்ந்து சுடும்போது எழும் வெக்கை அலை பார்வையைக் கெடுக்காது. சில துப்பாக்கிகளில் விலாவின் பின்முனை நீண்டு, உருண்டைத் தலையோடு உடற்பகுதிக்குள் போய் உட்காரும். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1862-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புக்குப் பெயரே 'பொம்மைத் தலை'!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலாக்களைப் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால்தான் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும். போடியில் என் மாமா தன் துப்பாக்கியை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் 'கறுப்பு பாலிஷ்' போடக் கொடுத்தார். கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று புதுசு மாதிரி வந்தது. நாலே மாதத்தில் விலா ஓரமாகத் துரு கசிந்தது. காரம் ஈயப் பற்றைத் தின்றுவிட்டது. உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. "மாப்ளே, சுட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "தொடவே கூடாது மாமா" என்றேன். பழைய முறை வேறு: மெல்லத் துருப்பிடிக்கவிட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்து, செந்துருவைக் கருந்துருவாக்கித் துடைப்பது. நாள் பிடிக்கும். ஆனால் பற்று பிழைக்கும்.

உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். லைசென்ஸ்தாரரே செய்யட்டும். குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலைத் தனியே கழற்றி, கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்டட்டும். கோயில் மணி போல் நீண்டு ஒலித்தால் விலா நலம். 'டொக்' என்றோ கரகரவென்றோ கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது. மணி ஒலித்தாலும் அது விலாவுக்கு மட்டும் சான்று. குழலின் பலத்துக்கு இல்லை. முறுக்குக் கம்பி டமாஸ்கஸ் குழலாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை.

அப்புறம், "நம்ம லேத்துப் பட்டறையில் பார்த்துக்கலாம்" என்று யாரும் இறங்காதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி, பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். கேஸ் வெல்டிங் பட்டால் கோணமும் போகும், குழலும் போகும். வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது; 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தாத்தா சொத்து என்று எண்ணெய் போட்டு வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் விலா விட்ட துப்பாக்கியைக் காட்டுப்பன்றி விரட்ட எடுத்துப்போகும் பேரனை யாராவது தடுக்க வேண்டும். அந்த வீட்டில் நம் கல்லூரியில் படித்த ஒருவர் இருந்தால், அது அவருடைய வேலை.