பாடத் தெரியாத பையன்



கொம்பனித்தெருவிலுள்ள அரசினர் பாடசாலையொன்றிலே அதிபராகப் பணியாற்றி வருகிறேன். சில மாதங்களுக்கு முன் எமது நூல்நிலையத்துக்குப் பழைய புத்தகங்கள் நிறைந்த பெட்டியொன்று அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. பாடசாலை விட்ட பின்னர் அதனைப் பிரித்து, வேண்டியன எவை, வேண்டாதன எவை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியிலே மெல்லிய கதைப்புத்தகமொன்று கிடந்தது. வங்காளிக் கதையொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தேன். பின்னர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். முடித்து எழும்போது காவலாளி விளக்கேற்றிவிட்டார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கூப்பி என்றொரு பையன். அவனுக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் பாடத்தான் வராது. அவன் வாயைத் திறந்தால் ஊர் கலங்கும். பாகா என்று இன்னொருவன். அவனுக்கு மத்தளம் உயிர், அடிக்கத்தான் தெரியாது. இருவரையும் அவரவர் ஊரார் விரட்டிவிடுகிறார்கள். இருவரும் காட்டிலே சந்திக்கிறார்கள். மனிதர் கேட்க மறுத்த அந்தப் பாட்டையும் மத்தளத்தையும் கேட்டு மகிழ அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. அது பேய்க்கூட்டம். மகிழ்ந்த பேய்கள் வரங்கள் தருகின்றன. நினைத்த உணவும் உடையும் கிடைக்கும். நினைத்த இடத்துக்குப் போகலாம். இவர்கள் பாடி அடித்தால், கேட்டவர் நின்ற இடத்திலேயே அசையாது நின்றுவிடுவர். இந்த வரங்களைக் கொண்டு அவ்விருவரும் தமக்குப் பொன்னும் மணியும் தேடிக்கொண்டார்கள் என்று கதை முடிந்திருந்தால் நான் அதை மூடி வைத்திருப்பேன். அவர்கள் இரண்டு நாடுகளுக்கிடையே மூளவிருந்த போரை நிறுத்துகிறார்கள்.

இதனை எழுதியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. 1863 இல் இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங் பகுதியிலே பிறந்தவர், கல்கத்தாவிலே வாழ்ந்தவர். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தம் கதைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். பிள்ளைகளுக்கென்று அவர் எழுதிய இராமாயணம் அச்சாகி வந்தபோது, தாம் வரைந்த படங்கள் அதில் உருக்குலைந்து கிடக்கக் கண்டு மனம் நொந்தார். அக்காலத்தில் ஓவியர் வரைந்ததை வேறொருவர் மரக்கட்டையிலே செதுக்கி அச்சிடுவார். செதுக்குபவரின் உளி தவறினால் சீதையின் முகம் சிதைந்துபோகும். 'சிறுபிள்ளைகள்தானே பார்க்கப்போகிறார்கள், இது போதும்' என்று வேறொருவர் இருந்திருப்பார். இவரோ இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, ஒளிப்பட முறையில் அச்சுக்கட்டை செய்யும் வித்தையைத் தாமே கற்றார். படத்தை நுண்ணிய புள்ளிகளாகப் பிரிப்பது அம்முறை. பெரிய புள்ளிகள் நெருங்கும் இடம் இருளாகவும், சிறிய புள்ளிகள் உள்ள இடம் ஒளியாகவும் கண்ணுக்குத் தோன்றும். இத்துறையிலே அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் இங்கிலாந்திலே அச்சுக்கலைக்கென வெளிவந்த ஆண்டு மலரில் இடம்பெற்றன. ஒரு பிள்ளை பார்க்கும் படம் தெளிவாக இருக்கவேண்டும் என்ற ஒரே ஆசை அவரை இத்தனை தூரம் கொண்டுபோய்விட்டது.

1913 இல் அவர் 'சந்தேஷ்' என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். வங்காளியிலே அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், ஒருவகை இனிப்புப் பண்டம் என்றும் பொருள். அச்சஞ்சிகையிலேதான் 1915 இல் கூப்பியும் பாகாவும் பிறந்தனர். அதே ஆண்டு மார்கழியில் அவர் காலமானார்.

அவருடைய மகன் சுகுமார் ராயும் பிள்ளைகளுக்காகவே எழுதி, படம் வரைந்து, 1923 இல் இளவயதிலேயே மறைந்தார். சுகுமாரின் மகன்தான் உலகமறிந்த திரைப்பட நெறியாளர் சத்தியஜித் ராய். 1921 இல் பிறந்த அவர் பாட்டனாரைக் கண்டதேயில்லை. தகப்பனார் இறந்தபோது அவருக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. ஆகவே அவ்விருவரையும் அவர் பெரிதும் அறிந்துகொண்டது அவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களிலும் படங்களிலுமே என்று சொல்லலாம். பின்னாளில் அவருடைய சிறு மகன் ஒரு குறை சொன்னானாம். அப்பாவின் படங்கள் யாவும் பெரியவர்களுக்கானவை, துயரம் மிக்கவை. எனக்கு ஒரு படம் எடுத்துத் தரக்கூடாதா என்பது அவன் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தந்த மறுமொழியே 1969 இல் வெளிவந்த கூப்பி, பாகா திரைப்படம். பணம் போதாமையால் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, இறுதிப் பகுதியை மட்டும் வண்ணத்தில் எடுத்தார். பேய்களின் நடனத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த வாத்தியங்கள் எவை தெரியுமா? மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங். எங்கள் கோயில் மண்டபங்களிலே கேட்கும் அதே தாளவாத்தியக் கச்சேரி! வங்காளத்துப் பேய்கள் தென்னாட்டுத் தாளத்துக்கு ஆடின.

அந்தப் படத்திலே போருக்குப் புறப்பட்ட சேனை பசியால் வாடி நிற்கிறது. கூப்பியும் பாகாவும் வரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வானத்திலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்குகிறது. வீரர்கள் வாளையும் வேலையும் எறிந்துவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெருவாசி ஒருவருக்குச் சிரிப்போடு வேறொன்றும் தோன்றும். இங்கே 1965 இல் திறக்கப்பெற்ற றியோ என்ற படமாளிகை இருந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் அது தீக்கிரையாயிற்று. பழைய சிறப்பை அது மீண்டும் பெறவேயில்லை. அப்போது நான் சிறுவன். கையில் ஆயுதத்தோடு வருகிறவனை இனிப்பால் நிறுத்தலாம் என்று நம்புகிற கதையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இனி, சித்திரப்படத்துக்கு வருகிறேன். மும்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே வடிவமைப்புக் கற்பிக்கும் ஆசிரியையான சில்பா ரானடே, இதே கதையை அசையும் சித்திரங்களாக ஆக்கினார். இந்தி மொழியில் அமைந்த அப்படத்தை இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் தயாரித்தது. 2013 இல் ரொறன்ரோ திரைப்பட விழாவிலே அது காட்டப்பெற்றது. பாட்டனார் கையால் வரைந்த கூப்பி, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், வேறொரு கையின் கோட்டிலே எழுந்து நடக்கத் தொடங்கினான்.

நண்பர் ஒருவரின் உதவியால் அதனை எமது மண்டபத்திலே வெள்ளைத் துணி கட்டி ஒரு மாலைப்பொழுதிற் காட்டினோம். எங்கள் மாணாக்கர் சிலர் வீட்டிலே தமிழ் பேசுவர். சிலர் மலாய் பேசுவர். சிங்களமும் கலந்து பேசுவோர் பலர். இந்தி எவருக்கும் தெரியாது. கதையை முன்னதாகவே தமிழிற் சொல்லி வைத்தேன். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாயிருந்தது. பேய்கள் வந்ததும் முன்வரிசை பின்வரிசைக்கு ஓடியது. பின் மெல்ல மெல்ல முன்னே திரும்பி வந்தது.

ஆனால் இப்புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அதனைச் சொல்லாது இப்பேச்சை முடித்தால் நான் உங்களுக்குப் பாதி உண்மையே சொன்னவனாவேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், தமிழ்த்தினப் போட்டிக்கெனக் குழுப்பாடல் பழக்கினேன். அக்குழுவிலே ஒரு பையன். எல்லோருக்கும் முன்னரே வந்து நிற்பான். குரலோ கரடுமுரடு; சுருதி அவனிடம் நில்லாது. போட்டி நெருங்கியபோது அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றேன். பணிவுள்ள பிள்ளை. மேடையிலே நின்று, ஒரு சொல்லும் ஒலிக்காது, பாட்டு முழுவதற்கும் வாயசைத்தான். எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாகவே அன்று எண்ணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் தன் மகளைச் சேர்க்க எமது பாடசாலைக்கு வந்தான். இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். படிவத்தை நிரப்பித் தந்தபின், சிரித்துக்கொண்டே, "சேர், இவள் நல்லாய்ப் பாடுவாள். என்னைப்போல இல்லை" என்றான். நானும் சிரித்து வைத்தேன். அவன் போன பின்னர்தான் அவ்வார்த்தை உள்ளே இறங்கியது. இத்தனை ஆண்டுகளாக அவன் அதைச் சுமந்திருக்கிறான். சுமத்தியவன் நான்.

நூல்நிலையத்திலே அன்று மாலை நான் படித்தது கூப்பியின் கதையை மட்டுமன்று. அவனை ஊரைவிட்டு விரட்டிய பெரியவர்களுள் என் முகத்தையும் கண்டேன்.

படம் காட்டிய மாலையில் அவனும் மகளை அழைத்துப்போக வந்து, கதவோரம் நின்று பார்த்தான். கூப்பி துரத்தப்படும் கட்டத்திலே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் அருகே சென்று, அன்று நான் சொன்னது தவறு என்றேன். அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் பழைய கதை, சேர்" என்று சொல்லி மகளின் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

நேயர்களே, குரல் கெட்டவனெல்லாம் பாடகனாவான் என்று நான் சொல்ல வரவில்லை. கூப்பியுங்கூடப் பேயின் வரத்தாலேதான் பாடினான். எங்கள் பிள்ளைகளுக்கு வரம் தரப் பேய்கள் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம். படம் தெளியவேண்டும் என்று அச்சுக்கலையையே கற்ற பாட்டனாரும், மகன் கேட்டான் என்பதற்காகப் படமெடுத்த பேரனும் பிள்ளைகளைச் சிறியவர்களென்று தள்ளிவைக்கவில்லை. அத்தகையோர் கையிலே வளர்ந்தபடியாலன்றோ, நூறாண்டு கடந்தும் கூப்பி பாடிக்கொண்டிருக்கிறான்.

எமது பாடசாலையில் இப்போது போட்டிக் குழு ஒன்றும், வெள்ளிதோறும் பாடும் பெருங்குழு ஒன்றும் உண்டு. இரண்டாவதற்குத் தேர்வு கிடையாது. விரும்பிய எவரும் நிற்கலாம், சத்தமாகப் பாடலாம். கேட்பதற்கு அது சிறப்பாக இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டார் ஒருமுறை முறையிட்டதும் உண்டு. வாய்ப்பிருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கேளுங்கள்.