ஊரைக் கூட்டிக் கேட்ட கம்பெனி
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



குழுவில் ஒரு பிரச்சனை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். இதையே சில பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டர், இன்டர்நெட் மூலமாக உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனியைப் பற்றி இன்று பேசுவோம்.

கனடா நாட்டில் ரெட் லேக் என்று ஓர் ஊர். அங்கே கோல்ட்கார்ப் என்ற கம்பெனிக்குத் தங்கச் சுரங்கம் இருந்தது. பூமிக்குள்ளே தங்கம் இருக்கு, எந்த இடத்தில் தோண்டுவது என்றுதான் பிடிபடவில்லை. கம்பெனித் தலைவர் ராப் மெக்யூவன் முதலீட்டுத் தொழிலில் இருந்து வந்தவர். 1999-இல் ஒரு கருத்தரங்கில், லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய விதத்தைக் கேட்டார். நாமும் ஏன் இப்படிக் கேட்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

சுரங்கக் கம்பெனிகள் நிலத்தடி விவரங்களைப் பீரோவில் நகை மாதிரி பூட்டி வைப்பார்கள். மெக்யூவனோ 1948 முதல் சேர்த்த விவரங்களை 2000 மார்ச்சில் இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். "எங்கே தோண்டலாம், சொல்லுங்கள், மொத்தப் பரிசு 5,75,000 டாலர்" என்று அறிவித்தார்.

சுமார் 50 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். மண்ணியல் படித்தவர்கள் மட்டுமல்ல, கணக்கு நிபுணர்கள், மாணவர்கள்கூட இருந்தார்கள். முதல் பரிசு ஆஸ்திரேலியாவின் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்த அணிக்கு. கம்ப்யூட்டரிலேயே சுரங்கத்தின் மாதிரியைச் செய்து காட்டினார்கள். போட்டியில் குறித்துத் தந்த 110 இடங்களில் பாதி, கம்பெனிக்கே தெரியாதவை. அந்தப் புது இடங்களில் ஐந்துக்கு நான்கில் நல்ல தங்கம் கிடைத்ததாகக் கம்பெனி சொன்னது.

இது எப்படிப் பலித்தது? கணக்கை ஒளிக்காமல் திறந்து வைத்தார்கள். கேள்வியைத் தெளிவாகக் கேட்டார்கள். பரிசை முன்கூட்டியே சொன்னார்கள். வந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். மூளையைச் செலவழித்தது ஆயிரம் பேர். பரிசு சில பேருக்கு. தங்கம் முழுக்கக் கம்பெனிக்கு. இப்போது நம்ம கையிலும் செல்போன் இருக்கு. "புது ருசி சொல்லுங்க, பரிசு வெல்லுங்க" என்று யாராவது கேட்டால், நம்ம வீட்டு ஊறுகாய்ப் பக்குவத்தை உடனே எழுதி அனுப்பிடாதீங்க. அனுப்பிய பிறகு அது யாருக்குச் சொந்தம், நம் பெயர் வருமா, லாபத்தில் பங்கு உண்டா என்று நிபந்தனையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாவிட்டால் குழுவில் வைத்துப் பேசுங்கள்.

நமக்குள்ளேயும் இதைச் செய்யலாம். அடுத்த கூட்டத்தில் மசாலாப்பொடி விற்பனைக் கணக்கைத் தலைவியும் ஊக்குநரும் மட்டும் பார்க்காமல் எல்லோர் முன்னாலும் வாசிப்போம். எந்தச் சரக்கு தேங்குது, ஏன் தேங்குது என்று ஒவ்வொருவரையும் கேட்போம். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அக்காவையும் கேட்போம். நல்ல யோசனை வந்தால், சொன்னவர் பெயரோடு தீர்மான நோட்டில் எழுதுவோம்.