பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, பாங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், இந்த விஷயத்தில் நம் வளாகத்திலேயே அதிகம் நஷ்டப்பட்டவன் நான்தான். மூன்று நான்கு வீடுகளில் பால்கனியிலும் மாடியிலும் மரப்பலகைத் தளம், அதாவது ‘டெக்’, போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

என் வீடு மேல்தளம். ஹாலை ஒட்டி 180 சதுர அடி திறந்த மாடி. கீழ்வீட்டு அம்மாவின் படுக்கையறைக்கு அதுதான் கூரை. பேரப்பிள்ளைகள் விளையாடத் தோதாக இருக்கட்டும் என்று ஒரு ஏப்ரல் மாதம் டபிள்யூ.பி.சி. பலகை போட்டேன். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது, கரையான் அரிக்காது. செலவு 72,000 ரூபாய். மூன்றே நாளில் வேலை முடிந்தது. மே மாத வெயிலில் அந்தப் பலகை பழைய தரையைப் போலவே சுட்டது என்பது தனிக்கதை. அடர்ந்த நிறம் வாங்கியது என் தப்பு.

அக்டோபரில் மழை பிடித்தது. கீழ்வீட்டு அம்மா வந்து, “சார், எங்க ரூம்ல ஃபேன் பக்கத்துல சீலிங் ஈரமா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்றார். “எங்க மாடியில சொட்டுத் தண்ணி நிக்கலையேம்மா” என்றேன். அது பொய் இல்லை. பலகைக்கு மேலே தண்ணீர் நிற்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். “பழைய கட்டடம், ஓதம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் வரவில்லை. ஒருநாள் காலை சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்த சத்தம்தான் வந்தது. அந்தக் கட்டிலில் படுக்கும் அவருடைய வயதான மாமியார், காபி குடிக்க அப்போதுதான் ஹாலுக்கு எழுந்து போயிருந்தார்.

பாங்கில் ஒரு வாடிக்கையாளர் கணக்கு தப்பு என்று சொன்னால், அவரோடு வாதாடுவதற்கு முன் லெட்ஜரைத் திறந்து பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தவன், சொந்த வீட்டில் திறந்து பார்க்கவில்லை. திறக்க முடியாதபடி தளத்தைப் போட்டு வைத்திருந்தேன் என்பதும் உண்மை.

பலகையைப் பிரித்தபோது மூன்று தப்புகள் தெரிந்தன. பலகையைத் தாங்கும் சட்டங்களைத் தரையில் ட்ரில் போட்டு ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். தட்டோட்டிலும் அதன் அடியில் இருந்த வாட்டர்ப்ரூஃபிங்கிலும் அறுபதுக்கு மேல் ஓட்டைகள். அடுத்து, சட்டங்கள் தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி அணை. கடைசியாக, மழைநீர்க் குழாயின் வாய் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. பிரித்து, புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் செய்து, கீழ்வீட்டுச் சீலிங்கையும் பூசி வெள்ளையடித்துக் கொடுக்க 58,000 ரூபாய் ஆனது.

இனி உங்களுக்கு. முதலில் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர்கள் சீலிங்கை வேலைக்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கூரை உங்கள் காலுக்குத் தரை, இன்னொருவர் தலைக்கு மேல்கூரை.

இரண்டாவது, தண்ணீர் கட்டிப் பாருங்கள். குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட்டு, கீழே போய்ப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, எங்காவது தேங்குகிறதா என்று கவனியுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாட்டம் இருக்க வேண்டும். வாட்டம் அடித்தரையில் இருக்க வேண்டும். பலகையால் அதைச் சரி செய்ய முடியாது.

மூன்றாவது, தரையில் ட்ரில் படக்கூடாது என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சட்டங்களை ரப்பர் திண்டின்மேல் வைத்து, ஒன்றோடொன்று பிணைத்து ஒரே சட்டகமாகச் செய்யலாம். நம் ஊர்ப் புயல்காற்றுக்கு அந்தப் பிணைப்பு அவசியம். சட்டம் தண்ணீர் ஓடும் திசையிலேயே போகட்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வெயிலில் பலகை நீளும். கம்பெனிக்காரர் சொல்லும் இடைவெளியை, அழகுக்காகக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

நான்காவது, குழாய் வாய்க்கு நேர் மேலே, கையால் தூக்கக்கூடிய ஒரு மூடி கட்டாயம்.

ஐந்தாவது, உயரம். தளம் மூன்று நான்கு அங்குலம் ஏறினால், கைப்பிடிச் சுவர் அதே அளவு குட்டையாகிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை டேப் வைத்து அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். வாசல்படியை விடத் தளம் தாழ்வாகவே இருக்கட்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் ஹாலுக்குள் வரும்.

கணக்குப் பார்ப்பவன் என்பதால் இதையும் சொல்கிறேன். தண்ணீர் கட்டிப் பார்க்க ஆகும் செலவு ஒரு பழந்துணியும் இரண்டு நாள் பொறுமையும். அதை மிச்சம் பிடிக்கப் போய் 58,000 கொடுத்தேன். ஆனால் அந்த அம்மா இரண்டு தடவை படியேறி வந்து கேட்டதற்கு நான் சொன்ன பதிலை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே பலகைகளை இப்போது சரியான முறையில் திரும்பப் போட்டிருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் மூடியைத் தூக்கிச் சருகை எடுத்துவிட்டு, நானே கீழே இறங்கிப் போய், “சீலிங் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கிறேன். போன வருஷம் காபி கொடுத்து அனுப்பினார்.

யாராவது டெக் போடுவதாக இருந்தால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். பலகையைத் தூக்கியே காட்டுகிறேன்.