பணிக்கேற்ற முறையைத் தேர்வோம்
(யாங்கோனில் தமிழ்ப் பெற்றோர், இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மென்பொருள் ஆக்கத்தில் இரு பெரும் வழிகள் உண்டு. அனைத்தையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு படிப்படியாக முடிப்பது ஒன்று. சிறிது செய்து, பயனர் கருத்தறிந்து, திருத்திக்கொண்டே செல்வது மற்றொன்று. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கைக்குப் பின், இரண்டாவது வழி 'அஜைல்' என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. எது சிறந்தது என இளையோர் வினவுகின்றனர். பணியைப் பாராமல் விடை கூற இயலாது.

இந்நகரத்தார் கண்ட சான்று ஒன்றைக் கூறுகிறேன். மியான்மரின் கணினிகளிலும் கைபேசிகளிலும் நெடுங்காலம் கோலோச்சியது ஸோஜி எழுத்துரு. ஒருங்குறி வகுத்த அதே எண்களுக்கு அது வேறு வடிவங்களை அளித்தது. மோன், ஷான், கரேன் மொழிகளுக்குரிய இடங்களிலும் பர்மிய வடிவங்களே அமர்ந்தன. பெரும்பான்மையினருக்கு எளிதாயிருந்த வழி, சிறுபான்மை மொழிகளின் இடத்தைப் பறித்தது. 2019 அக்டோபர் 1ஆம் நாள், நாடு ஒருங்குறிக்கு மாறும் நாளாக அறிவிக்கப்பட்டது. திஸ்கி, தாப் எனச் சிதறிக் கிடந்து, பின்னர் ஒருங்குறிக்கு வந்த தமிழருக்கு இத்துன்பம் புதிதன்று. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில்தான் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது.

இம்மாற்றத்திற்குரிய மென்பொருளை எம்முறையில் ஆக்குவது? எழுத்துகளின் எண்கள் மாறாதவை. எனவே மாற்று விதிகளை முன்னரே முழுமையாக எழுதிச் சோதிக்கலாம். ஆனால், ஒரு வரி ஸோஜியா ஒருங்குறியா எனக் கண்டறியும் பகுதி அத்தகையதன்று. இரண்டிலும் எண்கள் ஒன்றே என்பதால், கணினி நிகழ்தகவு கொண்டே ஊகிக்கிறது. சிறு சொற்றொடரில் அவ்வூகம் பிழைபடலாம்; சரியான எழுத்தும் சிதைந்துவிடலாம். மக்கள் உண்மையில் எழுதியவற்றைக் கொண்டு மீண்டும் மீண்டும் திருத்துவதே அதற்கு வழி. ஒரே திட்டத்திற்குள் இரு முறைகள்! எம்முறையாயினும் மூலப்படியைக் காத்துவைத்தல் கட்டாயம்.

இளையோரே, பணியைத் தொடங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். தேவை இடையில் மாறுமா? பிழை நேர்ந்தால் மீட்க இயலுமா? பயன்படுத்துவோர் அருகில் உள்ளனரா?

பெற்றோர்களே, உங்கள் மகள் தமிழ் வகுப்புக்கென ஒரு சொல்விளையாட்டை ஆக்கினால், அரைகுறையாயினும் இவ்வாரமே ஐந்து குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் கணக்குக்கு மென்பொருள் எழுதினால், முதலில் விதிகளைத் தாளில் எழுதிப் பெரியவர்களிடம் ஒப்புதல் பெறச் சொல்லுங்கள். விளையாட்டில் நேரும் பிழை சிரிப்போடு போகும். கணக்கில் நேரும் பிழை ஊரின் நம்பிக்கையைக் கெடுக்கும்.