மூச்சு லேசா இருக்கு, ஆனா மீட்டர் வேற சொல்லுது

இன்னைக்கு பிளசீபோ பத்திப் பேசப்போறோம். காரணம் எங்க அம்மா.

அம்மாவுக்குப் பல வருஷமா ஆஸ்துமா. போன மாசம் ஊருக்குப் போனப்ப, தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலர் ஃப்ரிட்ஜ் மேல தூசி படிஞ்சு கிடந்தது. கேட்டா, "யாரோ ஒரு பொடி குடுத்தாங்கடா, தேன்ல குழைச்சு சாப்பிடறேன். மூச்சு நல்லா லேசா இருக்கு"ன்னாங்க. "அது வெறும் பிளசீபோம்மா"ன்னு பட்டுனு சொல்லிட்டேன். அம்மா முகம் சுருங்கிடுச்சு. "அப்ப நான் பொய் சொல்றேனா?"

இல்லை. அம்மா பொய் சொல்லலை. நான்தான் அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசியிருக்கேன்.

1978-ல லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், கடைவாய்ப் பல் பிடுங்கினவங்ககிட்ட ஒரு சோதனை பண்ணாங்க. மருந்தே இல்லாத ஊசி போட்டும் சிலருக்கு வலி குறைஞ்சது. அப்புறம் நலாக்சோன் குடுத்தாங்க. மார்ஃபின் மாதிரி மருந்துகள் வேலை செய்யற இடத்தை அடைச்சிடற மருந்து அது. குறைஞ்ச வலி ஏறிடுச்சு! அதாவது அந்த நிம்மதி கற்பனை இல்லை. "மருந்து வந்தாச்சு"ங்கற எதிர்பார்ப்பிலேயே மூளை தன்னோட சொந்த வலி நிவாரணியை சுரந்திருக்குன்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க.

எதிர்பார்ப்போட பழக்கமும் சேரும். ஃபில்டர் காபி வாசனை வந்ததுமே எனக்குத் தூக்கம் கலைஞ்சிடும். காஃபீன் இன்னும் உள்ளயே போயிருக்காது.

சரி, அப்ப பொடியே போதுமே? இங்கதான் 2011-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஒரு ஆஸ்துமா ஆய்வு முக்கியம். அதே ஆட்களுக்கு வேற வேற நாள்ல மருந்துள்ள இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர் குடுத்தாங்க. சில நாள் ஒண்ணுமே குடுக்கலை. "எவ்வளவு தேவலை?"ன்னு கேட்டா, நிஜ இன்ஹேலருக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46. சும்மா இருந்தப்ப 21. இதோட நிறுத்தியிருந்தா பிளசீபோவுக்கு மாலை போட்டிருக்கலாம். ஆனா ஒரு செகண்ட்ல எவ்வளவு காத்தை ஊத முடியுதுன்னும் அளந்தாங்க. நிஜ மருந்துல 20 சதவீதம் கூடிச்சு. மத்த மூணும் ஏழை ஒட்டித்தான்.

நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டுல எல்லாம் பச்சை. சர்வர் மட்டும் திணறிக்கிட்டு இருக்கு. தலைவலின்னா பரவாயில்லை, அங்க வலிதான் பிரச்சனையே. ஆஸ்துமாவுல மூச்சுத்திணறல்ங்கறது அலாரம். அலாரத்தை மட்டும் அணைச்சிட்டு மூச்சுக்குழாய் சுருங்கியே இருந்தா, ஒருநாள் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடறப்பதான் தெரியும்.

இதை அம்மாகிட்ட லெக்சர் அடிக்கலை. ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிட்டு வந்து, "ஊதும்மா"ன்னேன். ஊதினாங்க. முள் எங்க நின்னுச்சுன்னு பார்த்தாங்க, திரும்ப ஊதினாங்க. அதே இடம். கொஞ்ச நேரம் பேசலை. மறுநாள் டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போனோம். "பொடியில என்ன இருக்கு?"ன்னு அவர் கேட்டார். டப்பாவுல லேபிளே இல்லை.

இப்ப தினமும் காலைல வாட்ஸ்அப்ல மீட்டர் போட்டோ வருது. நேத்து முள் கொஞ்சம் ஏறியிருந்தது. பக்கத்துல தேன் பாட்டிலும் தெரிஞ்சது, நான் ஒண்ணும் கேக்கலை.

அடுத்த எபிசோட்ல இதோட எதிர்ப்பக்கம், நோசீபோ. பார்க்கலாம்.