சினிமாவில் கிரேக்க வீரன்: கேடயம் சுமந்தவன் எங்கே?

(வண்டியூரில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

பகல் முழுவதும் வயலிலும் மில்லிலும் உழைத்துக் களைத்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வீரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நமக்கும் கிரேக்க தேசத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் இரண்டு உண்டு. ஒன்று சினிமா. திரையரங்கிலும், தொலைக்காட்சியிலும், கையிலிருக்கும் போனிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கிரேக்க யுத்தப் படங்களைப் பார்க்கிறார்கள். ஈட்டி பிடித்த ராஜாவைப் பார்த்துத் தாமும் புஜத்தை மடக்கிக் காட்டுகிறார்கள். வீரம் என்றால் என்ன, எதிரி என்றால் யார் என்ற பாடத்தை அந்தப் படங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடம் சரியா என்று பார்ப்பது பெற்றவர்களாகிய நம் கடமை.

இரண்டாவது சம்பந்தம், நம் மதுரை.

மதுரைக் கோட்டை வாசலில் யவனர்

கிரேக்கர் முதலான மேற்கத்தியாரை நம் முன்னோர் யவனர் என்று அழைத்தார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் கோட்டைக்குள் நுழைகிறான். வாசலில் வாளோடு காவல் நிற்பவர்கள் யவனர்கள். அவர்களுக்குச் சந்தேகம் வராதபடி அவன் உள்ளே போகிறான். முல்லைப்பாட்டில் ஒரு மன்னனின் பாசறை வருகிறது. அங்கேயும் யவனர்களே காவல். முரட்டு உடம்பு, உடம்பை மூடிய சட்டை, இடுப்பில் சவுக்கு என்று புலவர் அவர்களைப் படம்பிடித்துக் காட்டுகிறார்.

இது வெறும் புலவர் கற்பனை அல்ல. நம் வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் ரோமாபுரிக் காசுகளும் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் கப்பல் வந்தது. கப்பலோடு ஆட்களும் வந்தார்கள்.

ஆகவே, மதுரை கண்ட யவன வீரன் யார்? ராஜாவா? இல்லை. கடல் தாண்டி வந்து, வேறொருவன் கோட்டைக்குக் காவல் நின்று வயிறு வளர்த்தவன். மில் கேட்டில் ராத்திரி ஷிப்டு நிற்கும் காவல்காரருக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த ஆளை எந்தச் சினிமாவும் இன்னும் கதாநாயகன் ஆக்கவில்லை.

முந்நூறு பேர் மட்டும்தானா?

சினிமா காட்டும் கிரேக்க வீரன் வேறு ஆள். 2006-ஆம் ஆண்டின் '300' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை வைத்து எடுத்த படம் அது. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசன் செர்க்ஸீஸ் பெரும்படையோடு கிரேக்கத்தின்மேல் வந்தான். தெர்மாப்பிலே என்ற குறுகலான கணவாயில் ஸ்பார்ட்டா நகரத்து அரசன் லியோனிதாஸ் 300 பேரோடு அவனை எதிர்த்து நின்று மாண்டான். இது சரித்திரம். இதில் பொய்யில்லை. படையெடுத்து வந்தவனை எதிர்த்து மண்ணைக் காத்தவர்களின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் படம் எதை மறைத்தது என்பதே நம் கேள்வி.

அந்தக் கணவாயைக் காக்க வந்த கிரேக்கர்கள் ஏறத்தாழ 7,000 பேர். கடைசி நாளில் ஸ்பார்ட்டாக்காரர்களோடு தெஸ்பியே என்ற சிற்றூர்க்காரர்கள் 700 பேரும் நின்று மடிந்தார்கள். 300 பேருக்குப் புகழ் கிடைத்தது. 700 பேரை யாருக்குத் தெரியும்?

படத்தில் வீரர்கள் வெற்று மார்போடு சண்டை போடுகிறார்கள். அசல் கிரேக்கக் காலாள் வெண்கலத் தலைக்கவசமும், மார்புக் கவசமும், கனத்த வட்டக் கேடயமும் கொண்டவன். பெரும்பாலான நகரங்களில் அவன் ஒரு சாதாரண உழவன். சொந்தக் காசில் ஆயுதம் வாங்கியவன். அவர்கள் தனித்தனியே துள்ளிக் குதித்துச் சண்டை போடவில்லை. தோளோடு தோள் உரச வரிசை கட்டி நின்றார்கள். இடக்கையில் பிடித்த கேடயம் பாதி தன்னை மறைக்கும். மறுபாதி இடப்பக்கத்தில் நிற்பவனை மறைக்கும். ஒருவன் ஓடினால் பக்கத்திலிருப்பவன் செத்தான். அந்தப் படையின் பலம் இந்த ஒற்றுமையில் இருந்தது. தனியொரு நாயகனின் புஜத்தில் இல்லை. இது நம் ஆட்களுக்கு எளிதில் விளங்கும். சினிமாவுக்கு விளங்கவில்லை!

ஏழு அடிமைக்கு ஒரு வீரன்

அடுத்ததைக் கேளுங்கள். சினிமாவில் லியோனிதாஸ் சுதந்திரம், சுதந்திரம் என்று முழங்குகிறான். யாருடைய சுதந்திரம்?

ஸ்பார்ட்டாவின் குடிமகன் ஏர் பிடிக்க மாட்டான். தறி தொட மாட்டான். கைத்தொழில் செய்வது அவனுக்கு விலக்கு. ஆயுதப் பயிற்சி ஒன்றே வேலை. அப்படியானால் அவனுக்குச் சோறு போட்டது யார்? ஹெலாட்டுகள் என்ற அடிமை உழவர்கள். பக்கத்து மெஸ்ஸீனியா நாட்டை ஸ்பார்ட்டா பிடித்தது. அந்த மக்களை அவர்களுடைய சொந்த மண்ணிலேயே அடிமையாக்கியது. விளைச்சலில் பாதியை அவர்கள் எஜமானனுக்கு அளந்தார்கள் என்று ஸ்பார்ட்டாவின் பழைய கவிஞரே பாடியிருக்கிறார். களத்துமேட்டில் வாரம் அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் ஆண்டுதோறும் பதவி ஏற்றதும் இந்த உழவர்கள்மேல் முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்வார்கள். எதற்கு? ஹெலாட்டைக் கொன்றால் பாவம் சேராது என்பதற்கு! இளைஞர்களைக் கத்தியோடு ராத்திரியில் அனுப்பி, திடமான உழவர்களைக் கொல்ல வைத்தார்கள். ஒரு சமயம், யுத்தத்தில் நன்றாகப் போராடியவர்களுக்கு விடுதலை தருகிறோம் என்று அறிவித்து, சுமார் 2,000 ஹெலாட்டுகளைத் தேர்ந்தெடுத்து மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றிவர வைத்தார்கள். பிறகு அந்த 2,000 பேரும் எப்படி மாண்டார்கள் என்றே ஒருவருக்கும் தெரியாமல் போனார்கள். துசிடிடிஸ் என்ற கிரேக்கச் சரித்திர ஆசிரியர் எழுதி வைத்த செய்தி இது.

கி.மு. 479-இல் பிளட்டேயா யுத்தம். பாரசீகப் படை தோற்றது அங்கேதான். ஸ்பார்ட்டாக் குடிமக்கள் 5,000 பேர் வந்தார்கள். ஆளுக்கு ஏழு ஹெலாட்டு வீதம் 35,000 பேர் கூட வந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் கணக்கு எழுதுகிறார். தெர்மாப்பிலேயில் கிடந்த பிணங்களிலும் ஹெலாட்டுகள் இருந்தார்கள் என்று அவரே சொல்லுகிறார். கேடயத்தைச் சுமந்து வந்தவன் இவன்தான். படத்தில் இவனைத் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டான்.

ஆனால் சரித்திரம் அவனைக் கைவிடவில்லை. கி.மு. 369 வாக்கில் தீப்ஸ் நகரத்துத் தளபதி எப்பாமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவை முறியடித்து மெஸ்ஸீனியாவை விடுவித்தான். பல தலைமுறை அடிமையாய்க் கிடந்த உழவர்கள் தங்கள் மண்ணில் தங்கள் நகரத்தைக் கட்டிக்கொண்டார்கள். படமெடுக்க இதைவிட நல்ல கதை உண்டா?

எதிரியைப் பூதமாக்கும் வித்தை

'300' படத்தில் பாரசீகப் படையினர் பூதங்களாகவும் விகாரப் பிராணிகளாகவும் வருகிறார்கள். 2007-இல் படம் வெளியானபோது ஈரான் நாட்டார் கடுமையாக ஆட்சேபித்தார்கள்.

அந்தப் படையில் அசலாக யார் இருந்தார்கள் தெரியுமா? சிந்து நதிப் பக்கத்து இந்தியர்களும் இருந்தார்கள். பருத்தித் துணி உடுத்தி, மூங்கில் வில்லும் இரும்பு முனை அம்பும் பிடித்து வந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பஞ்சையே பார்த்தறியாத கிரேக்கர்கள் அதை மரத்தில் காய்க்கும் கம்பளி என்று சொன்னார்கள். பஞ்சாலைத் தோழர்களே! பேரரசன் உத்தரவுக்காக வீட்டை விட்டுக் கால்நடையாக வந்த அந்தப் பருத்தி உடைக்காரன் முகம், அந்தப் பூதக் கூட்டத்தில் எங்கே தெரிகிறது? எதிரியைப் பூதமாக்கிவிட்டால், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்ற நினைப்பே பார்ப்பவனுக்கு வராது. எந்தக் காலத்து யுத்த வெறியரும் முதலில் செய்யும் வேலை இதுதான்.

காட்டிக்கொடுத்த எப்பியால்டிஸைப் படம் கூனனாகக் காட்டுகிறது. ஹெரோடோட்டஸ் எழுதியதில் கூன் கிடையாது. துரோகிக்கு உடல் ஊனம் ஒட்டுவது நம் ஊர்ப் படங்களிலும் பார்த்த தந்திரம்தான்.

எதிர்த்துப் பேசிய சிப்பாய்

இந்தத் தந்திரம் பழையது. ஹோமரின் இலியத் காவியத்தில் தெர்சைட்டிஸ் என்று ஒரு சிப்பாய் வருகிறான். டிராய் நகர முற்றுகை ஒன்பது ஆண்டாக முடியவில்லை. அவன் சபையில் எழுந்து அரசன் அகமெம்னானைக் கேட்கிறான்: நாங்கள் அடித்துக் கொண்டுவந்த வெண்கலமும் பெண்டிரும் உன் கூடாரத்தில் குவிந்து கிடக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்? நாம் எல்லோரும் கப்பலேறி வீட்டுக்குப் போவோம், இவன் மட்டும் இங்கே கிடக்கட்டும் என்கிறான். உடனே ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் சாத்துகிறான். காவியம் அவனைக் கோணல் காலன், கூனன், படையிலேயே மிக அவலட்சணமானவன் என்று வர்ணிக்கிறது.

2004-இல் வந்த 'டிராய்' படத்தில் அக்கிலீஸ் உண்டு, ஹெக்டர் உண்டு. தெர்சைட்டிஸ் இல்லை. ஹோமர் அடியாவது கொடுத்தார். சினிமா ஆளையே எடுத்துவிட்டது!

பியாஸ் நதிக்கரையில் நடந்த மறுப்பு

இந்தியச் சினிமாவுக்கு மிகவும் பிடித்த கிரேக்க வீரன் அலெக்சாந்தர். 1941-இல் சோராப் மோடி 'சிக்கந்தர்' என்ற இந்திப் படம் எடுத்தார். பிருதிவிராஜ் கபூர் அலெக்சாந்தராகவும், மோடி புருஷோத்தமனாகவும் நடித்தார்கள். அந்நியப் படையெடுப்பை எதிர்த்து நிற்கும் கதை அல்லவா? வெள்ளைக்கார சர்க்காருக்குப் பயம் வந்தது. ராணுவக் குடியிருப்புகளின் கொட்டகைகளில் அந்தப் படத்துக்குத் தடை போட்டார்கள். சினிமா நல்ல காரியமும் செய்யும் என்பதற்கு இது சாட்சி. நம் சிவாஜி கணேசனும் 1977-இல் 'சாணக்ய சந்திரகுப்தா' என்ற தெலுங்குப் படத்தில் அலெக்சாந்தர் வேஷம் கட்டினார்.

ஆனால் அலெக்சாந்தரைத் திருப்பி அனுப்பியது யார்? கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் புருஷோத்தமனை அவன் வென்றுவிட்டான். மேலும் கிழக்கே போக உத்தரவிட்டான். பியாஸ் நதி வந்தது. எட்டு ஆண்டாக நடந்த கால்கள், விடாத அடைமழை, கிழிந்த துணி, தேய்ந்த ஆயுதம். சிப்பாய்கள் நின்றார்கள். ஓரடி எடுத்து வைக்க மாட்டோம் என்றார்கள். கோயினஸ் என்ற மூத்த தளபதி எழுந்து, எத்தனை பேர் கிளம்பினோம், எத்தனை பேர் மிச்சம், இவர்கள் பெற்றோரைப் பார்க்க வேண்டாமா என்று அவர்கள் பக்கம் பேசினான். அலெக்சாந்தர் மூன்று நாள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தான். சிப்பாய்கள் அசையவில்லை. கடைசியில், சகுனம் சரியில்லை என்று சொல்லிப் பின்வாங்கினான்!

தோழர்களே, இதற்கு நம் பாஷையில் என்ன பெயர் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? உலகத்தை வென்றவனை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் வென்றது, அவன் படையின் "மாட்டோம்" என்ற ஒரு சொல். 2004-இல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'அலெக்சாந்தர்' படம் இந்த மறுப்பைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அதை முன்னே தள்ளி, யானைப்படை யுத்தத்தைப் பின்னே வைத்தது. ராஜா காயம்பட்டதால் திரும்பினான் என்ற எண்ணம்தான் பார்ப்பவன் மனசில் தங்கும்.

வேறு மாதிரியும் எடுக்கலாம்

கிரேக்கனை வேறு மாதிரிக் காட்டிய தமிழ்ப் படம் உண்டு. 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில், கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி சாக்ரடீஸாக நின்றார். விஷக் கோப்பைக்கு அஞ்சாத கிழவரைத் தமிழ்நாடு பார்த்தது. அந்தச் சாக்ரடீஸும் மூன்று போர்க்களம் கண்ட காலாள் என்பது பலருக்குத் தெரியாது. வரிசையில் நின்று கேடயம் பிடித்தவர்தான், பின்னாளில் கேள்வி கேட்டதற்காக உயிர் கொடுத்தார்.

கிரேக்கத்துக்கு வடக்கே திரேஸில் பிறந்த ஸ்பார்ட்டகஸ், கி.மு. 73-இல் ரோமாபுரி அடிமைகளைத் திரட்டிக் கிளம்பினான். அவன் கதையை எழுதிய ஹோவர்டு ஃபாஸ்ட், திரைக்கதை எழுதிய டால்டன் டிரம்போ இருவரும், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க மறுத்து 1950-இல் அமெரிக்கச் சிறைக்குப் போனவர்கள். 1960-இல் வந்த அந்தப் படத்தில் அடிமைதான் நாயகன். ஆக, முடியாது என்பதில்லை. மனசு வேண்டும்.

படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வீரனுக்குச் சோறு போட்டவன் யார்? எதிரே பூதமாய் வருகிறவன் எந்த ஊர்ப் பிள்ளை? இந்த யுத்தம் வேண்டாம் என்று சொன்னவன் ஒருவனாவது இருந்தானா, அவனை என்ன செய்தார்கள்?

இங்கே எதிரே இருக்கும் தெப்பக்குளத்தை 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள்தான் அவர்கள். மண் சுமந்தவர்களைப் பற்றிக் கேட்கவும் அவர்களுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாத்தியார் சொல்லாவிட்டால் தாய் தகப்பன் சொல்லலாம். இன்று ராத்திரியே தொடங்கலாம்.